விட்டுப் பிடி

அவளுடைய வலது கால் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. பேருந்தில் பயணியாக உட்கார்ந்திருக்கும்போது முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்தால், அந்தக் கால் தரையை ஓங்கி மிதிக்கும். வீட்டில் கணவர் தண்ணீர்க் குவளையைக் கைதவறிச் சாய்த்தால், மேசைக்கு அடியில் பிரேக் விழும். "குவளைக்கு பிரேக் கிடையாதும்மா" என்று அவர் துணியைத் தேடிக்கொண்டே சொல்வார். கார் ஓட்டக் கற்றுத்தருவது அவள் தொழில். பயிற்சிப் பள்ளியின் சிறிய வெள்ளைக் காரில் ஓட்டுநருக்குள்ள மிதிகளைப் போலவே பயிற்சியாளர் இருக்கைக்கு அடியிலும் கிளட்சும் பிரேக்கும் இருந்தன. கற்பவர் தடுமாறினால் அவள் மிதிக்கலாம். நாளடைவில் தடுமாறுவதற்கு முன்பே மிதிக்கத் தொடங்கியிருந்தாள். மிதிக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாமலும் போயிருந்தது.

காலுக்குத் துணையாக ஒரு குரலும் இருந்தது. "கிளட்ச் பிடி! பிடி! ஆங்... இப்ப விடு. மெதுவா, மெதுவா விடு." கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாலும் அந்தக் குரல் பயிற்சி மைதானத்தின் கம்பிவேலியைத் தாண்டிக் கேட்கும். அதனால் அவளுக்குக் 'கிளட்ச் அக்கா' என்று பெயர் விழுந்தது. கற்க வருபவர்கள் முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு பள்ளி முதலாளியே அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பெண்பிள்ளைக்குப் பூவின் பெயர் வைப்பார்கள், நதியின் பெயர் வைப்பார்கள். வண்டியின் உதிரிப் பாகத்தையா வைப்பது?

அந்தப் பெயருக்கு ஒரு மாலையில் புதுப் பொருள் கிடைத்தது. அதைக் கொண்டுவந்தவர் அவள் கணவர்.

அவர் வீட்டிலிருந்தபடியே விளையாட்டுக் காணொளிகளுக்குத் தமிழில் அடிவரி எழுதுபவர். ஆங்கில வர்ணனை ஓடும். திரையின் அடியில் இரண்டு சிறிய வரிகளுக்குள் அவர் தமிழ் அடங்க வேண்டும். வரி நீண்டால் அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். வாழ்நாளில் ஒரு பந்தையும் உதைத்தறியாத மனிதர். மிதிவண்டிக்கு மேல் எந்த வண்டியையும் தொட்டதில்லை. ஆனால் ஒரு சொல் பிடிபடாவிட்டால் சோறு இறங்காது.

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே கேட்டார்: "கிளட்ச்னா என்ன?"

"காலையிலேருந்து தொண்டை கிழிய அதைத்தான் கத்திட்டு வரேன். இப்ப நீங்களுமா?"

"காரோடது இல்ல. பந்தோடது. இங்க வந்து பாரு."

திரையில் ஒரு கூடைப்பந்து ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. ஒருவன் மூன்று பேருக்கு நடுவே எகிறிப் பந்தை எறிந்தான். பந்து வளையத்தில் விழுந்ததும் வர்ணனையாளர் தொண்டை அடைக்கக் கத்தினார்: "கிளட்ச்! கிளட்ச்!"

"இவரும் டிரைவிங் ஸ்கூல்ல வேலை பாக்குறாரா?"

கணவர் சிரித்துவிட்டுக் காணொளியை நிறுத்தினார். "இறுக்கிப் பிடிக்கிறதுன்னு அர்த்தம். அதுலேருந்து, நம்மள இறுக்கிப் பிடிக்கிற நேரத்துக்கும் சொல்றாங்க. ஆட்டம் கையை விட்டுப் போகப்போகுது, இப்ப செஞ்சாத்தான் உண்டுங்கிற நேரம். மொதல்ல நேரத்துக்குச் சொன்னது, அப்புறம் அந்த நேரத்துல போட்ட பந்துக்கு வந்து, இப்ப போட்டவனுக்கே வந்துடுச்சு. 'அவன் கிளட்ச்'னா, எல்லாருக்கும் கை நடுங்குறப்போ இவனுக்கு நடுங்காதுன்னு அர்த்தம். இதைத் தமிழ்ல ரெண்டே வரியில சொல்லணும்."

"ஆபத்பாந்தவன்."

"பழைய நாடகத்துல ராஜா நுழையுற மாதிரி இருக்கு."

"சமயசஞ்சீவி."

"மருந்துக் கடைக்கு வைக்கலாம்." அவர் நாற்காலியில் சாய்ந்து அவளை நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுப் பாரு. வண்டி முட்டப்போற நேரத்துல உன் கால்தானே காப்பாத்துது? நீயும் கிளட்ச்தான். உனக்குப் பேரு வச்சவன் விவரம் தெரியாமலே சரியா வச்சிருக்கான்."

"போதும், ஐஸ் வைக்காதீங்க" என்று உள்ளே போனாள். ஆனால் அந்தச் சொல்லை அவள் கழற்றிவைத்துவிட்டுப் போகவில்லை. மறுநாள் மைதானத்தில் யாரோ "கிளட்ச் அக்கா" என்று கூப்பிட்டபோது, இத்தனை வருடத்தில் முதல்முறையாக முகம் சுளிக்காமல் திரும்பினாள்.

அவள் அந்தச் சொல்லுக்கு ஆசைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அந்த வாரம் அவளுக்கு ஆறுதல் தேவைப்பட்டது. அவளுடைய அண்ணி இரண்டாம் முறையும் ஓட்டுநர் தேர்வில் தோற்றிருந்தார்.

அண்ணனும் அண்ணியும் சலவைக்கூடம் நடத்துகிறார்கள். மருத்துவமனை ஒன்றின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், அறுவை அறைப் போர்வைகள் எல்லாம் அங்கேதான் வெளுக்கும். விடிந்ததும் வெளுத்ததை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும், அழுக்கை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். வேனை ஓட்டியவர் அண்ணன். அவருக்கு ஓரப்பார்வை குறையத் தொடங்கி, உலகம் ஒரு குழாய்க்குள் தெரிவதுபோல் சுருங்கிப்போனது. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது வேனை ஓட்டும் ஆள் மாதக் கடைசியோடு வேறு வேலைக்குப் போகிறான். இவன் சம்பளமே கையைக் கடித்ததால், வேறு ஆளை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. வேன் ஒரு நாள் வராவிட்டாலும் வேலை வேறு சலவைக்கூடத்துக்குப் போய்விடும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஆக, மாதம் முடிவதற்குள் அண்ணி கையில் உரிமம் வந்தாக வேண்டும். மூன்று முறை தோற்றவர்கள் இரண்டு மாதம் காத்திருந்து புதிதாக மனுப் போட வேண்டும் என்பது விதி. மிச்சமிருந்தது ஒரே ஒரு தேர்வு.

அண்ணி இரண்டு முறையும் தோற்றது ஒரே இடத்தில்தான். தேர்வு மைதானத்தில் ஒரு சரிவுமேடை உண்டு. ஏற்றத்தின் பாதியில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பிறகு அதை விடுவித்துப் பின்னால் சரியாமல் மேலே ஏற வேண்டும். அண்ணி விடுவித்ததும் இன்ஜின் அலறும், வண்டி பின்னால் போகும். பயிற்சி மைதானத்தில் இதேபோன்ற மேட்டில் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. முதல்முறை தோற்றபோது அண்ணனிடம் அவள்தான் சொன்னாள்: "ஓட்டுறதுல ஒரு குறையும் இல்லண்ணா. அண்ணிக்குப் பயம், வேற ஒண்ணுமில்ல." இரண்டாம் முறையும் அதையே சொன்னாள்.

அடுத்த பயிற்சிக்குக் கணவரும் கூட வந்தார். "அந்தச் சாமான் எப்படித்தான் வேலை செய்யுதுன்னு பாத்துடுறேன். அப்பவாவது வார்த்தை சிக்குதான்னு பாப்போம்" என்று பின்னிருக்கையில் ஏறினார்.

"வாங்க தம்பி" என்றார் அண்ணி, கண்ணாடியைச் சரிசெய்தபடி. "உங்க வீட்டம்மா கத்துறதைக் கேக்க நீங்களே வண்டி ஏறி வந்தாச்சு. வீட்ல கேக்குறது பத்தலயா?"

"வீட்ல கிளட்ச் இல்லக்கா. அதனால கொஞ்சம் சத்தம் கம்மி."

அண்ணி மேட்டின் பாதியில் நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்தார். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்தார். ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். வண்டி ஓர் இழை பின்னால் சரிந்தது.

"கிளட்ச் பிடி! பிடி!"

அண்ணி கிளட்சை அடிவரை மிதித்தார். வண்டி ஆணியடித்ததுபோல் நின்றது.

"ஆங்... இப்ப மெதுவா விடுங்க."

அண்ணி மெதுவாகக் காலைத் தூக்க, வண்டி முன்னால் உந்தி மேட்டின் உச்சிக்குப் போனது. "பாத்தீங்களா தம்பி? இங்க ராணி மாதிரி ஏறுறேன். அங்க போனதும் பாழாப்போன காலு காலை வாரிடுது."

கணவர் இருக்கைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சந்தேகம். வண்டி பின்னாடி சரிஞ்சப்போ நிறுத்துனது யாரு?"

"நான்தான். கிளட்ச் பிடிச்சேன்ல, நின்னுச்சு."

"அப்ப இந்தப் பக்கம் பிரேக்ல இருக்கே, இது யார் காலு?"

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் பயிற்சியாளர் பிரேக்கின் மீது, சொந்த வீட்டுத் திண்டில் சாய்ந்திருப்பதுபோல், வெகு இயல்பாக அமர்ந்திருந்தது. எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. அண்ணிக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அவருடைய வலது கால் ஆக்சிலரேட்டரில் இருந்ததால், பிரேக் மிதி தானாக இறங்கியதை அது உணர்ந்திருக்காது.

"இன்னிக்கு இது போதும் அண்ணி. வெயில் ஏறிடுச்சு" என்றாள். வெயில் அப்படியொன்றும் ஏறியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் விடவில்லை. கிளட்ச் என்றால் உள்ளே என்ன, அதைச் சொல் என்றார். அவள் மேசைமேல் இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்துக் காட்டினாள். ஒன்று இன்ஜினோடு சுற்றுவது, இன்னொன்று சக்கரத்துக்குப் போவது. ஒட்டியிருந்தால் இன்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போகும். மிதியை அழுத்தினால் இரண்டும் பிரிந்துவிடும். இன்ஜின் பாட்டுக்கு இன்ஜின், சக்கரம் பாட்டுக்குச் சக்கரம். காலை மெல்லத் தூக்கத் தூக்க மறுபடியும் ஒட்டும். இரண்டும் தொட்டுக் கவ்வுகிற இடம் ஒன்று உண்டு. மேட்டில் வண்டி நிற்பது அந்த இடத்தில்தான்.

கணவர் தட்டுகளை வாங்கிப் பிரித்தார், சேர்த்தார். "அப்ப நீ 'பிடி'ன்னா அது விடுது. 'விடு'ன்னாத்தான் பிடிக்குது."

"என்ன ஒளறுறீங்க?"

"நீதானே இப்பச் சொன்னே. இங்கிலீஷ்ல பேரு வச்சவன் தட்டைப் பாத்து வச்சிருக்கான். கவ்வுறதால கிளட்ச். நாம காலைப் பாத்துப் பேசுறோம். கால் அமுக்குனா 'பிடி'ங்கிறோம். ஆனா உள்ள அது கையை விட்டுடுது."

"ஊர்ல எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க!" அவளுக்குக் கோபம் வந்தது. "பைக்ல கையால பிடிக்கிறோம்ல, அதே பேச்சு காருக்கும் வந்துடுச்சு. இத்தனை பேரு அதைக் கேட்டுத்தான் கத்துக்கிட்டுப் போயிருக்காங்க."

"ஊர் சொல்றது தப்புன்னு நான் சொல்லல. பைக் ஓட்டுனவனுக்கு அந்த 'பிடி' எதுன்னு கைக்குத் தெரியும். அண்ணி எதை ஓட்டியிருக்காங்க? வண்டி சரியுது, ஆபத்து, நீ 'பிடி'ங்கிறே. அவங்க வண்டியைப் பிடிக்கிறதா நெனச்சு மிதிக்கிறாங்க. நிக்கவும் செய்யுது. அப்ப அவங்க என்ன கத்துக்குவாங்க?"

தேர்வு மேட்டில் நடந்தது இப்போது கண்ணால் பார்ப்பதுபோல் தெரிந்தது. வண்டி ஓர் இழை சரிகிறது. அண்ணியின் மனசுக்குள் அவள் குரல், 'பிடி' என்கிறது. அண்ணி சொன்னபடி செய்கிறார். இருந்த கொஞ்சப் பிடிப்பும் போய் வண்டி இன்னும் சரிகிறது. 'பிடி, பிடி.' அண்ணி மிதி உடையும்படி மிதிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் தேர்வாளர். அவர் கால் எதையும் தொடாது. பயம் இல்லை அது. பாடம். அவள் நடத்திய பாடத்தை அண்ணி ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்திருக்கிறார்.

முந்தின வாரம் கிடைத்த அந்தப் புகழ்ச்சொல் இப்போது வேறொரு முகத்தைக் காட்டியது. இக்கட்டு வந்தால் தன் கால் நடுங்காது என்பது உண்மைதான். ஆனால் வந்த இக்கட்டு அண்ணியுடையது. அதை எதிர்கொள்ளும் முறையும் அண்ணியுடையது. ஒவ்வொரு முறையும் அவள் இடையில் புகுந்து அதை வாங்கிக்கொண்டிருக்கிறாள். ஒருவருடைய நெருக்கடியை இன்னொருவர் தீர்த்துவைத்துக்கொண்டே இருந்தால், தீர்த்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. மற்றவருக்கு நெருக்கடி அப்படியே மிச்சம் இருக்கிறது.

"அண்ணிகிட்டச் சொல்லணும்" என்றார் கணவர்.

"சொன்னா, ரெண்டு தடவை தோத்தது என்னாலதான்னு ஆகும். அண்ணன்கிட்ட 'பயம்'னு வேற சொல்லி வச்சிருக்கேன். இருக்கிறது ஒரே வாய்ப்பு. இந்த நேரத்துல போய்ப் படிச்சதெல்லாம் தப்புன்னு சொன்னா, வர்ற கொஞ்ச தைரியமும் போயிடாதா?"

"சொல்லாம விட்டா?"

சொல்லாமல் விட்டால் மேட்டில் வண்டி சரியும்.

மறுநாள் சலவைக்கூடத்துக்குப் போனாள். நீராவியும் சோப்பு வாடையும் அடர்ந்த அந்த நீளமான கூடத்தில் அண்ணனும் அண்ணியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். இழுத்து உதறி, நேராக்கி, நடந்து வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி விலகினார்கள். அண்ணனுக்கு எதிரில் நிற்பவர் முழுதாகத் தெரியாது. துணியின் இழுப்பை வைத்தே எப்போது முன்னால் வர வேண்டும் என்று அறிந்துகொள்வார்.

அவள் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டாள். பிரேக்கில் இருந்த காலைச் சொன்னாள். 'பிடி' என்ற சொல்லைச் சொன்னாள். "பயம்னு சொன்னது தப்புண்ணா. அண்ணி நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க" என்றும் சொன்னாள்.

விரிப்பு இரண்டு பேருக்கும் நடுவில் தொய்ந்து நின்றது. அண்ணி அவளையே பார்த்தார்.

"அப்ப ரெண்டு தடவை ஃபெயிலானது நானா, நீயா?"

"நான்தான் அண்ணி."

"ஒரு நாத்தனார் அண்ணியைப் பழிவாங்க எத்தனையோ வழி இருக்கு பாப்பா. சமையல்ல குறை சொல்லலாம், அண்ணன்கிட்ட மூட்டி விடலாம். மேட்டுல ஏத்திப் பின்னாடி தள்ளிவிடுறது, இது எங்கயும் கேள்விப்படாதது."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அவர் கோபம் உண்மையானது என்பது, விரிப்பை உதறிய வேகத்தில் தெரிந்தது. "ராத்திரியெல்லாம் தூக்கம் வராம காலைத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன், தெரியுமா உனக்கு? ஐம்பது வயசை நெருங்கறவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு இவர்கிட்ட அழுதேன்."

"நான்தான் சொன்னேனே, நானே ஓட்டுறேன்னு" என்றார் அண்ணன். "பழகுன ரோடுதானே. கண்ணை மூடிக்கிட்டு..."

"அதைத்தானே செய்யப்போறீங்க" என்று அண்ணி வெட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, கோபம் பாதி அவிழ்ந்த குரலில், "போன வாரம் ஒரு நாள் வேன்ல ஏறி உக்காந்துட்டார், சாவியோட. எறங்குங்கன்னு இழுத்துப் பிடிச்சா முறுக்கிக்கிட்டுக் கெளப்பியே விடுவார். சரி, போங்கன்னுட்டு உள்ள வந்து மடிக்க ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரத்துல அவரே எறங்கி வந்து அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டார். உங்க அண்ணனை விட்டுத்தான் பிடிக்கணும்."

அவள் அங்கே கிடந்த துணிமூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை? உங்க அண்ணன் பவிசையா?"

"விட்டுப் பிடிக்கணும்னு சொன்னீங்களே. அதேதான் அண்ணி. மேட்டுல அதைத்தான் செய்யணும். வண்டி சரிஞ்சா மிதிக்கக் கூடாது, காலை விடணும். விட்டாத்தான் உள்ள பிடிக்கும். கிளட்சை விட்டுப் பிடிக்கணும்."

அண்ணி கையிலிருந்த முனையைப் பார்த்தார். அதை லேசாகத் தளர்த்தினார். எதிர்முனையில் இருந்த அண்ணன், இழுப்பு மாறியதை உணர்ந்து தானாகவே ஓர் அடி முன்னால் வந்தார். "இதானா?" என்றார் அண்ணி. "இதுக்கா இவ்வளவு நாளா தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனே?"

தெரிந்துகொள்வது வேறு, கால் அதை ஒப்புக்கொள்வது வேறு. எஞ்சிய நாட்களில் பயிற்சி மேட்டில் அது நன்றாகவே விளங்கியது. அவள் முதலில் தன் கால்களை நம்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பயிற்சியாளர் இருக்கையில் கால்கள் இரண்டையும் மேலே தூக்கி மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மேட்டின் அடியில் பழைய டயர்களை அடுக்கிவைத்தாள்.

"என்ன பாப்பா, பந்தியிலயா உக்காந்திருக்கே?"

"நீங்க ஓட்டுங்க அண்ணி. நான் எதையும் தொடமாட்டேன்."

அண்ணி ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். வண்டி சரிந்தது. அண்ணி கிளட்சை அழுத்தினார். இன்ஜின் அலற, கார் பின்னோக்கி உருண்டு டயர்களில் மோதிக் குலுங்கி நின்றது. அண்ணி திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். இத்தனை மாதங்களில் இந்த மேட்டில் முதல்முறையாக வண்டி அதன் உண்மையைச் சொல்லியிருந்தது. சம்மணத்தில் இருந்த அவளுடைய வலது பாதம் இடது தொடையை அழுத்திய அழுத்தில் சிவந்து கன்றியது.

மறுபடி மோதியது. இன்னொரு முறை கிளட்சைச் சட்டென்று விட்டதால் இன்ஜின் அணைந்து வண்டி குதித்தது. அண்ணி வண்டியைத் திட்டினார், டயரைத் திட்டினார், நாத்தனார் குலத்தையே திட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை. 'பிடி' என்று சொல்லக் கூடாது. அது நாக்கின் நுனியில் வந்து வந்து நின்றது. 'விட்டுப் பிடி' என்றுகூடச் சொல்லவில்லை. தேர்வு வண்டிக்குள் அந்தச் சொல்லும் இருக்கப்போவதில்லை. அண்ணியே தமக்குள் முணுமுணுத்துக்கொண்டார். முகத்தில் வியர்வை வடிய, இடது காலை மயிரிழை மயிரிழையாக உயர்த்தினார். இன்ஜினின் ஓசை தாழ்ந்து கனத்தது. காரின் மூக்கு லேசாக நிமிர்ந்தது.

"இழுக்குது" என்றார் அண்ணி மெதுவாக, அந்த முனையில் யாரோ துணியைப் பிடித்திருப்பதைச் சொல்வதுபோல். ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். வண்டி சரியவில்லை.

அன்று மாலை கணவரிடம் அண்ணியின் 'விட்டுப் பிடி'யைச் சொன்னாள். அவர் துள்ளிக் குதித்து உடனே அடிவரியில் ஏற்றினார்: 'விட்டுப் பிடித்த வீரர்!' காணொளியை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி அழித்தார்.

"ஏங்க? நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பாக்குறவன் யாரு விட்டாங்க, யாரைப் பிடிச்சாங்கன்னு கேப்பான். வர்ணனையில சொல்ற கிளட்ச் வேற, உங்க மேட்டுல இருக்கிறது வேற. ரெண்டையும் ஒட்டவச்சா எனக்குத்தான் அழகா இருக்கும், அவனுக்கு ஆட்டம் புரியாது." இறுதியில் 'இக்கட்டில் அசராதவர்' என்று எழுதி அனுப்பினார். வரிக்குள் அடங்கியது. அவருக்கு முழுத் திருப்தி இல்லை. அன்று சோறு கொஞ்சம் இறங்கியது.

தேர்வு நாளன்று வானம் மூட்டமாக இருந்தது. பயிற்சியாளர்கள் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வண்டியின் பயிற்சியாளர் இருக்கையில் தேர்வாளர் அமர்ந்தார். சுருங்கிய நெற்றியும் மடியில் ஒரு தாளுமாக, எதற்கும் முகம் மாறாத மனிதர். அவருடைய கால்கள் பின்னால் இழுத்துவைக்கப்பட்டிருந்தன. அண்ணியின் பக்கக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. வேலிக்கும் மேட்டுக்கும் இடையே அதிக தூரம் இல்லை. அவள் குரல் எட்டும் தூரம்தான். அவள் குரல் எட்டாத தூரம் அந்த மைதானத்தில் கிடையாது.

வளைவுகள் முடிந்தன. பின்னோக்கி நிறுத்துவதும் முடிந்தது. கார் மேட்டில் பாதி ஏறி நின்றது. ஹேண்ட்பிரேக் இழுபடும் ஓசை கேட்டது. பிறகு இன்ஜின் மெல்ல உயர்ந்தது. கனக்கவில்லை. இன்னும் கனக்கவில்லை. அண்ணி அவசரப்பட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டார் என்பது அவளுக்குக் காதிலேயே தெரிந்தது.

கார் பின்னால் சரிந்தது.

வலது கால் மண்ணை மிதித்தது. குரல் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி இப்போது மிதித்தால் எல்லாம் முடிந்தது. பழைய பாடம் எத்தனை மாதம், புதிய பாடம் எத்தனை நாள்! இந்த நொடியில் அந்த இடது கால் யார் பேச்சைக் கேட்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ஒன்றும் செய்யாமல் நிற்பது இவ்வளவு பெரிய உழைப்பு என்று அவளுக்கு இதற்குமுன் தெரியாது.

கார் ஒரு சாண் சரிந்தது. இன்ஜின் அலறவில்லை. ஓசை தாழ்ந்து, திணறி, கனத்தது. காரின் உடல் ஒருமுறை நடுங்கியது. பிறகு அந்தரத்தில் யாரோ ஏந்திக்கொண்டதுபோல் நின்றது. ஒரு மூச்சு அப்படியே நின்றது. அப்புறம் ஏறியது.

தேர்வாளர் இறங்கும்போது தாளில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் சரிஞ்சது" என்றார் அண்ணியிடம். "அனுமதிக்கிற அளவுதான். அந்த இடத்துல முக்கால்வாசிப் பேரு பதறி கிளட்சை மிதிச்சிடுவாங்க. நீங்க மிதிக்கல." தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தார். அண்ணி தேறியிருந்தார்.

அவள் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். பொத்திய கைகளின் தடம் கன்னங்களில் இன்னும் இருந்தது. வழக்கம்போலப் பயிற்சியாளர் இருக்கையின் கதவைத் திறக்கப் போனாள்.

"அங்க எங்க போறே?" என்றார் அண்ணி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழாமலே. "பின்னாடி ஏறு."

"அண்ணி..."

"ஏறுன்னா ஏறு, பாப்பா. உங்க அண்ணன் வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பார்."

அவள் பின்னிருக்கையில் ஏறினாள். அந்தக் காரின் பின்பக்கத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்க்க அண்ணியின் பின்கழுத்தும், கண்ணாடியில் அவருடைய இரண்டு கண்களும் மட்டுமே தெரிந்தன. கார் நகர்ந்து வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தது. முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுடைய வலது கால் வழக்கம்போல் எழுந்து, மிதியைத் தேடித் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் தரைவிரிப்பு. கால் சிறிது நேரம் அந்தரத்தில் நின்றது. அதற்குள் அண்ணி வேகத்தைக் குறைத்திருந்தார். அவள் காலை மெல்லக் கீழே இறக்கி வைத்தாள்.